இடுப்பில் ஒரு கை

தண்டையார்பேட்டை
9 ஆகஸ்ட் 1999

மொழி,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. பத்து மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது ஒரு வேலை வந்திருப்பதால் வெட்கத்தை விட்டு நான் முதலில் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ராயபுரத்தில் நம் பிசியோதெரபிஸ்டுகள் கூட்டம். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பை மட்டும் பார்ப்பதா, அல்லது தூக்கம், வேலை, பயம், வீட்டுக் கவலை எல்லாம் சேர்ந்த முழு ஆளையும் பார்ப்பதா? வடசென்னையில் இருக்கும் எட்டு பேரிடம் கேட்டுவிட்டேன். "ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். இதுல அவன் குடும்பக் கதைய எப்பக் கேக்கறது?" என்றார் திருவொற்றியூர்க்காரர் ஒருவர். "கேட்டா சொல்லிடுவாங்க. சொன்னப்புறம் நான் என்ன செய்யணும்னு காலேஜ்ல யாரும் சொல்லித் தரலையே" என்றாள் எண்ணூரில் வேலை செய்யும் பெண். அவள் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது.

நீ ஒன்பதாவது ஆள். உன் கருத்து எனக்குத் தெரியாததல்ல. "இது கிளினிக்கா, பாவமன்னிப்புக் கூண்டா?" என்று இதே அறையில் கத்திவிட்டுத்தானே மஸ்கட்டுக்குப் போனாய். இருந்தாலும் எழுதி அனுப்பு. உன் வார்த்தையிலேயே அங்கே படிக்கிறேன்.

இன்னொன்று. போன வருஷம் உன்னிடம் ஆறு மாதம் இடுப்பில் எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன் போட்டுக்கொண்டாரே கோதண்டம், மூட்டைக் கிடங்கில் லோடு ஏற்றுகிறவர், அவர் திரும்ப வந்திருக்கிறார். எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் ஒன்றுமில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

"வலின்னா வலி இல்லம்மா. பின்னாலேருந்து ஒருத்தன் கைய வெச்சிகினு கீறான். நின்னா சும்மா கீறான். நடந்தா புடிக்கிறான்" என்றார்.

வலப்பக்க இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். மத்தியானம், கரண்ட் இல்லை, எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. அவர் முதுகெல்லாம் கொதிக்கிறது. ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். அப்படியேதான் இருந்தது.

"அந்த டாக்டரம்மா எங்க போச்சு?" என்று உன்னை இரண்டு தடவை கேட்டார்.

உமைமா


மஸ்கட்
24 ஆகஸ்ட் 1999

உமைமா,

கடிதம் கிடைத்தது. என் கருத்தில் மாற்றமில்லை, எழுதிக்கொள். இடுப்பு வலிக்காரருக்கு நாம் தர முடிந்தது வெப்பம், பயிற்சி, எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது என்ற பழக்கம். பயத்தையும் துக்கத்தையும் கிளறிவிட்டால் அதை மூடிவைக்க நம்மிடம் மருந்து கிடையாது. திறக்கத் தெரிந்தவன் மூடவும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் இதைப் படி. பெயர் போட வேண்டாம்.

கோதண்டம் விஷயம். தசை இறுகினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், தோல் குளிரும். அவ்வளவுதான். ஹாட் பேக் வை. வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடு. தினம் அரை மணி நடக்கச் சொல். அவரிடம் பேச்சுக் கொடுக்காதே.

என்னை எதற்குக் கேட்டாராம்? வேறு ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் சொன்னபடியே எழுது. இல்லை, எழுத வேண்டாம்.

இங்கே வெயில் நாற்பத்தைந்து. சாப்பாடு பரவாயில்லை.

எழில்மொழி


தண்டையார்பேட்டை
12 செப்டம்பர் 1999

மொழி,

உன் கருத்தைப் படித்தேன். பாதிப் பேர் கைதட்டினார்கள். எண்ணூர்ப் பெண் மட்டும் எழுந்து, "இதை எழுதினவங்க எதையோ திறந்து பார்த்திருக்காங்க போல" என்றாள். நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

நீ சொன்னபடி ஹாட் பேக் வைத்தேன், எட்டு நாள். சுற்றிலும் தோல் சிவக்கிறது. அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் நிறம் மாறாமல் வெளுத்தே கிடக்கிறது. நீ கோபப்பட்டாலும் சரி, பக்கவாட்டில் விரல்கள் மாதிரி நீண்டு நிற்கிறது.

போன வாரம் இன்னொருவர் வந்தார். ரஹீம், வண்ணாரப்பேட்டை, நாற்பது வயது இருக்கும். அவருக்கும் வலப்பக்கம் அதே உயரத்தில் அதே குளிர்ச்சி. ஆனால் சொல்வது வேறு. "புடிக்கல டாக்டரம்மா. சும்மா தொங்கிகினு கீது. கனமா" என்றார். என்ன வேலை என்று கேட்டேன். கோதண்டம் வேலை செய்கிற அதே கிடங்கு. அவரைத் தெரியுமா என்றேன். தெரியாது என்றார். ஒரே கிடங்கில் பத்து வருஷம் லோடு ஏற்றும் இருவருக்கு ஒருவரை ஒருவர் தெரியாதாம்.

செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் பயிற்சி கொடுத்தேன். காலை பதினோரு மணி, தெருவில் லாரிச் சத்தம். ஐந்தாவது தடவை இடுப்பைத் தூக்கும்போது இருவரும் ஒரே நொடியில் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படி. வாசலில் யாரும் இல்லை. ரஹீம் எழுந்து சட்டையைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோதண்டம் பாயிலேயே கிடந்து அழுதார்.

உன் பழைய குறிப்பு ஏதாவது உதவுமா என்று கோதண்டத்தின் கார்டை எடுத்துப் பார்த்தேன். முதல் தாளில் அச்சடித்த முதுகுப் படத்தின் மேல் பென்சிலால் வரைந்து ரப்பரால் அழித்த தடம் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கையின் வடிவம். இரண்டாம் தாள் இல்லை. கிழித்த விளிம்பு மட்டும் ஸ்டேப்லர் பின்னில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நீ கிழித்தாயா?

உமைமா


மஸ்கட்
27 செப்டம்பர் 1999

உமைமா,

பத்து வருஷம் ஒரே பக்கத் தோளில் மூட்டை சுமந்த இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் வலிப்பதில் என்ன அதிசயம்? வாசலை ஒருவர் பார்த்தால் பக்கத்தில் படுத்திருப்பவரும் பார்ப்பார். நீ நன்றாகத் தூங்குவதில்லை என்று நினைக்கிறேன். உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வா.

கார்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தாள் கிழிவது சாதாரணம்.

ரஹீம் என்று ஒருவர் இருப்பது எனக்குத் தெரியாது. அவரை அது பிடிக்கவில்லை, கனம் மட்டும்தான் என்று சொன்னாரா? நிச்சயமாக அப்படித்தானா? இதற்கு மட்டும் பதில் எழுது.

எழில்


தண்டையார்பேட்டை
20 அக்டோபர் 1999

எழில்மொழி,

கோதண்டம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதும்மா. அந்தம்மாவுக்குத்தான் மொதல்லயே தெரியுமே" என்றார்.

நான் கதை எதுவும் கேட்கவில்லை. எப்படிப் படுத்துத் தூங்குகிறீர்கள் என்றுதான் கேட்டேன், எல்லோரிடமும் கேட்பது போல. "படுக்கறதே இல்ல. செவுத்துல முதுக ஒட்டிகினு குந்திகினு தூங்குவேன். அப்பதான் பின்னால யாரும் வர முடியாது" என்றார். எவ்வளவு நாளாக என்றேன். ரெண்டு வருஷமாக என்றார். நான் ஹாட் பேக்கைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

97 நவம்பர். கிடங்கில் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த யூரியா மூட்டை சரிந்து, கிருஷ்ணப்பன் என்று ஒருவர் அடியில் மாட்டிக்கொண்டார். மூட்டையைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். பேச்சு மூச்சில்லை. மேஸ்திரி வல்லரசு மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "செத்துட்டான்" என்றாராம். கிடங்குக்குள் செத்தால் கிடங்கை மூடிவிடுவார்கள், எல்லோருக்கும் வேலை போய்விடும். பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சுவர் ஓரம் போட்டுவிட்டு, சட்டையில் சாராயத்தை ஊற்றிவிட வேண்டும் என்று முடிவு. பாதி தூரம் கோதண்டம், மீதி தூரம் ரஹீம்.

"தோள்ல போட்டுகினு நடந்தேம்மா. தலையும் கையும் என் முதுகுப் பக்கம் தொங்குது. ஒரு ஒரு அடிக்கும் கை வந்து இடுப்புல தட்டுது. சந்து மொனை கிட்ட போறப்ப, தட்டின கை புடிச்சிச்சு."

ஸ்டூலை இன்னும் கிட்டத்தில் இழுத்தேன்.

"சட்டையோட சேத்து சதையப் புடிச்சிச்சு. மேஸ்திரி, கை புடிக்குதுன்னேன். 'பேசாம நட'ன்னான். நடந்தேன். மறுபடி ஒருக்கா புடிச்சிச்சு. நான் நிக்கல. சந்து முடிவுல ரஹீம் மாத்திகினான். அவன்கிட்ட கை புடிச்சிச்சான்னு இன்னி வரைக்கும் நான் கேக்கல. அவனும் சொல்லல. நாங்க பேசிக்கறதே இல்ல."

இப்போது உன் கேள்விக்குப் பதில். ஆமாம், ரஹீமுக்குக் கனம் மட்டும்தான். யார் தோளில் உயிர் போனது என்று பார்க்கத்தான் கேட்டாய் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

கிருஷ்ணப்பன் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து செத்தார் என்றுதான் போலீஸ் எழுதியிருக்கிறது. அவர் மனைவி மலர்க்கொடி வியாசர்பாடி போர்டு குடியிருப்பில் இருக்கிறார். போய்ச் சொல்ல வேண்டும் என்கிறார் கோதண்டம். "ஜெயில்ல போட்டாலும் படுத்துத் தூங்கலாம் இல்ல?" என்கிறார்.

ஆனால் ரெண்டு வருஷம் கழித்து வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? கோதண்டம் சொல்லப்போவது காதில் விழுந்து வல்லரசு இப்போதே, "முதுகு போனவன், வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு கத கட்றான்" என்று பரப்புகிறார். கோதண்டம் போன வருஷமே ஒருவரிடம் சொல்லியிருக்கிறார் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு தாள் இருந்திருக்க வேண்டும்.

நம் சண்டை வைத்தியத்தைப் பற்றித்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உமைமா


மஸ்கட்
5 நவம்பர் 1999, வெள்ளி

உமை,

நான்தான் கிழித்தேன்.

1998 செப்டம்பர் பதினொன்றாம் தேதி. டிராக்ஷன் போட்டுவிட்டு எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னதை அப்படியே கோதண்டம் என்னிடம் சொன்னார். நானாகக் கேட்கவில்லை. யாராவது ஒருவரிடம் சொல்லியே தீர வேண்டும் என்று இருந்திருக்கிறார், கிடைத்தவள் நான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கை இருந்த இடத்தைப் படத்தில் வரைந்தேன். கீழே அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியைப் பற்றி நீ எழுதியிருக்கிறாய். நான் உனக்குக் கொடுத்த விளக்கம் பாடப்புத்தகத்தில் இருப்பது, அது சரிதான். ஆனால் அன்றைக்கு என் விரல்களுக்குக் கீழே அந்தச் சதை ஒரு கை மூடுவது போல மூடியது. தசை துடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் உமை, எட்டு வருஷமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். இது துடிப்பு இல்லை. கூட்ட நெரிசலில் கையை விட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகள் பிடிப்பார்களே, அந்தப் பிடி. அந்தப் பக்கத்திலிருந்து.

கையை இழுத்துக்கொண்டேன். "பேசாமல் படுங்க, எடை நகர்ந்துவிடும்" என்றேன். வல்லரசு சொன்னதும் நான் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று உன் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அப்போது என் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது. சாட்சி, கோர்ட் என்று போனால் இந்த வேலை போய்விடும் என்று பயந்தேன். தாளைக் கிழித்தேன். படத்தை அழித்தேன். அடுத்த வாரம் நீ நோயாளிகளிடம் வீட்டு விஷயம் கேட்பதைச் சாக்காக வைத்து உன்னோடு சண்டை போட்டேன். உன்னோடு ஒரே அறையில் இருந்தால் என்றைக்காவது சொல்லிவிடுவேன் என்று தோன்றியது.

ராயபுரம் கூட்டத்தில் நீ படித்த என் கருத்தைத் தூக்கிப்போடு. திறந்ததை மூடத் தெரியாது என்று எழுதினேன். நான் மூடத்தான் மூடினேன். அவர் மேலும் ஒரு வருஷம் சுவரில் சாய்ந்து தூங்கினார்.

தாள் இதோடு இருக்கிறது. கிழித்தேனே தவிர எறியவில்லை, பெட்டியில் சான்றிதழ்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தேதி, என் கையெழுத்து, அவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. எழுதியது நான்தான் என்று நேரில் சொல்ல வேண்டுமென்றால் தந்தி கொடு. லீவு தருகிறார்களோ இல்லையோ, வருகிறேன்.

எழில்மொழி


தண்டையார்பேட்டை
18 ஜனவரி 2000

மொழி,

நீ வந்து சாட்சி சொல்லிவிட்டு நாலே நாளில் திரும்பிவிட்டாய். மலர்க்கொடி வீட்டில் நடந்ததை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோர்ட் வராந்தாவில் அதைப் பேசவும் முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

உன் தாளைக் காட்டியதும் ரஹீமும் தானும் வருகிறேன் என்றார். தாள் வந்த மறுநாள் காலை கோதண்டம், ரஹீம், நான் மூவரும் போனோம். மூன்றாவது மாடி. கோதண்டம் படியில் நாலு இடத்தில் நின்றார். மலர்க்கொடி கேன் கேனாகத் தண்ணீர் சுமந்துவந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கோதண்டம் வாசலுக்கு வெளியே நின்றபடியே சொல்லி முடித்தார். அந்தம்மா கத்தவில்லை. அடிக்க வரவில்லை. கேனைக் கீழே வைத்தார்.

"குடிச்சிட்டு செத்தாருன்னாங்க. குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வருசமா அவரத் திட்டிகினு இருந்தேன். படத்துக்குப் பூ வெக்கல" என்றார். பிறகு கேட்டார். "எங்க புடிச்சாரு? காட்டு."

கோதண்டம் சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். மலர்க்கொடி ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அவர் இடுப்பில் வைத்தார்.

"இங்கியா?"

"கொஞ்சம் கீழ."

"இங்கியா?"

"ஆமாம்மா."

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கி முடிந்தது. ரஹீம் படியில் உட்கார்ந்து, "எங்கிட்ட வந்தப்ப கை புடிக்கல. புடிச்சிருந்தா நின்னிருப்பேனான்னு எனக்குத் தெரியாது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். மலர்க்கொடி கையை எடுத்துக்கொண்டார். "உன்ன மன்னிக்க மாட்டேன். போலீசுல இதையே சொல்லு" என்றார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்க் கேனை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குக் கீழே இறங்கினார்.

மறுநாள் கோதண்டம் வந்தபோது தொட்டுப் பார்த்தேன். முதுகு முழுக்க ஒரே சூடு. ரஹீமுக்கும் அப்படித்தான். வலி போய்விட்டதா என்று கேட்பாய். இல்லை. இத்தனை வருஷம் மூட்டை சுமந்த இடுப்புக்கு இருக்கும் வலி இருக்கிறது. குனிந்தால் பிடிக்கிறது, காலையில் விறைக்கிறது. ஆனால் அது இடுப்பு வலி. பயிற்சி கொடுத்தால் குறைகிறது. தரையில் மல்லாந்து படுத்து ஏழு மணி நேரம் தூங்கினேன் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். அவர் மேலும் ரஹீம் மேலும் வழக்கு இருக்கிறது, ஜாமீனில் இருக்கிறார்கள். கிருஷ்ணப்பன் கிடங்குக்குள் அடிபட்டார், குடித்திருக்கவில்லை என்று போன வாரம் போலீசில் திருத்தி எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தின் நகலை மலர்க்கொடி எடுத்துவந்து எனக்குக் காட்டினார். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். வல்லரசு மட்டும் இன்னமும் தனக்கு எதுவும் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

நேற்று காலை பத்து மணிக்கு கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் உட்கார்ந்து அவர் முறை வரும் வரை காத்திருந்தார். மிரட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கே வலி என்று கேட்டேன்.

"வலி ஒண்ணும் இல்ல" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் கவிழ்ந்து படுத்தார். "இடுப்புல கை வெச்சிப் பாரு."

வைத்தேன். நன்றாக வாழ்ந்த முதுகு. எங்கும் இறுக்கமில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"நல்லாப் பாரு."

வலம், இடம், தோள்பட்டைக்குக் கீழ், விலாவோரம் எல்லாம் தொட்டுப் பார்த்தேன். "எங்கயும் இல்லைங்க."

முகத்தைத் தலையணையில் புதைத்தபடியே சொன்னார். "கிருஷ்ணப்பன் கோதண்டத்த வுட்டுட்டானாம். ரஹீமையும் வுட்டுட்டானாம். ஊரே சொல்லுது. எங்கிட்டயும் இல்லன்ற."

அவர் முதுகு என் கைக்குக் கீழே ஏறி ஏறி இறங்கியது.

"அப்ப எங்கம்மா கீறான்?"

வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காத. அங்கியே வெச்சிரு" என்றார்.

வைத்திருந்தேன்.

உமைமா